ஆறு டப்பாக்களும் ஒரு புரையேறலும்

வாசகர் கேள்வி:

என் அப்பாவுக்கு வயது 64. இரண்டு மாதத்துக்கு முன் மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. இப்போது பிடித்துக்கொண்டு நாலு அடி நடக்கிறார். கை இன்னும் எழவில்லை. சர்க்கரையும் பிரஷரும் பத்து வருடமாக உண்டு. மெட்ஃபார்மின், டெல்மிசார்டன், குளோபிடோக்ரெல், அடோர்வாஸ்டாடின், சிட்டிகோலின், ஒரு பி12 மாத்திரை என்று டாக்டர் எழுதியதைக் கொடுக்கிறோம். துபாயில் இருக்கும் அண்ணன் மீன் எண்ணெய், வைட்டமின் இ, ஜின்கோ, குர்குமின் மாத்திரைகள் அனுப்புகிறார். தெரிந்தவர் ஒருவர் சொல்லி, புரோட்டீன் பவுடரும் மல்டிவிட்டமினும் வாங்குகிறோம். டாக்டர் எழுதியது போக, இந்த ஆறு டப்பாவுக்கு மட்டும் மாதம் 9,000 ரூபாய் ஆகிறது. செலவு தாங்காமல், வாரம் ஆறு நாள் வீட்டுக்கு வந்த பிசியோவை இரண்டு நாளாகக் குறைத்துவிட்டோம். அவருக்கு ஒரு தடவைக்கு 500 ரூபாய். வாயு, குளிர்ச்சி என்று பெரியவர்கள் சொன்னதால் பருப்பு, முட்டை, மீன், தயிர் கொடுப்பதில்லை. இட்லி, கஞ்சி, ரசம் சாதம்தான். தண்ணீர் குடிக்கும்போது மட்டும் கொஞ்சம் புரையேறும், மற்றபடி நன்றாகச் சாப்பிடுகிறார். எடை 66 கிலோவிலிருந்து 59 ஆகிவிட்டது. இந்தச் சத்து மாத்திரைகளால் கை சீக்கிரம் வருமா? இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டுமா?

ஒரு மகள், மணப்பாறை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டப்பாக்களைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள். "தண்ணீர் குடிக்கும்போது மட்டும் கொஞ்சம் புரையேறும்" என்பதை அரை வரியில் முடித்துவிட்டீர்கள். மருத்துவமனையில் பக்கவாத நோயாளிகளின் சாப்பாட்டைக் கவனிப்பதே என் வேலை. எனக்கு அந்த அரை வரிதான் பயமாக இருக்கிறது. அதிலிருந்து தொடங்குகிறேன். டப்பாக்கள் எங்கேயும் ஓடிவிடாது.

கை கால் விழுந்தால் கண்ணுக்குத் தெரியும். தொண்டைத் தசை தளர்ந்தால் தெரியாது. பக்கவாதம் வந்த புதிதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு விழுங்குவதில் ஏதாவது ஒரு சிக்கல் இருக்கும். பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும், சிலருக்குத் தங்கிவிடும். நாம் விழுங்கும் அந்த ஒரு நொடியில் மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்ள வேண்டும். அது கொஞ்சம் தாமதித்தாலும் முதலில் உள்ளே நழுவுவது தண்ணீர்தான், ஏனென்றால் வாயில் போட்டவுடன் ஓடிவிடுவது அதுதான். முடியாதவருக்கு எதையும் நீர்க்கக் கரைத்துக் கொடுத்தால் சுலபமாக இறங்கும் என்று நம் வீடுகளில் நினைக்கிறோம். இங்கே அது தலைகீழ். ரசம் சாதம் இன்னும் மோசம். ஒரே வாயில் நீரும் பருக்கையும் சேர்ந்து வருவதால், எதை எப்போது விழுங்குவது என்று தொண்டை தடுமாறும். தொண்டை சரியில்லாதவருக்குக் குழைத்த பருப்பு சாதம் ரசம் சாதத்தைவிடப் பத்திரமானது.

இப்படி நழுவியது நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும். பக்கவாதத்திலிருந்து பிழைத்தவர்களின் உயிரை எடுக்கும் காரணங்களில் அது முக்கியமான ஒன்று. இருமுகிறவர்களையாவது கவனித்துவிடலாம். சிலருக்கு இருமலே வராது. தண்ணீர் குடித்தபின் குரல் நனைந்தாற்போல் கொழகொழவென்று கேட்கும், அடிக்கடி லேசாகக் காய்ச்சல் அடிக்கும், அவ்வளவுதான் அடையாளம்.

ஆகவே இந்த வாரமே அப்பாவை நரம்பியல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், "விழுங்குவதைப் பரிசோதிக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். பெரிய மருத்துவமனைகளில் பேச்சுப் பயிற்சியாளர்கள் இதைச் செய்வார்கள். அவர்கள் பேச்சுக்கு மட்டும் என்று நினைத்துப் பலர் போவதில்லை. எந்தப் பதத்தில் சாப்பாடு, தண்ணீரைக் கெட்டியாக்கும் பொடி வேண்டுமா, தலையை எப்படி வைத்துக்கொண்டு விழுங்குவது என்பதையெல்லாம் பார்த்துச் சொல்வார்கள். அதுவரை படுத்தபடியோ சாய்ந்தபடியோ எதையும் கொடுக்காதீர்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்காரட்டும், டிவியை அணைத்துவிடுங்கள், சின்னக் கரண்டியில் கொடுங்கள், ஒரு வாய் இறங்கிய பிறகு அடுத்த வாய். சாப்பிட்டு முடித்ததும் இடது கன்னத்துக்குள் பாருங்கள். உணர்ச்சி குறைந்த பக்கத்தில் சாதம் ஒதுங்கிக் கிடக்கும், அவருக்கே தெரியாது. வாயைக் கொப்பளித்துத் துடைத்துவிட்டு, அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். காய்ச்சலோ மூச்சிரைப்போ வந்தால் காத்திருக்காதீர்கள், அன்றே கூட்டிப் போங்கள்.

இதைச் சொன்ன கையோடு ஒன்று கேட்கிறேன். அந்தப் புரோட்டீன் பவுடரைத் தண்ணீரிலோ பாலிலோ கலக்கித்தானே கொடுக்கிறீர்கள்? அதுவும் நீராகத்தான் இறங்குகிறது.

அடுத்தது எடை. இரண்டு மாதத்தில் 7 கிலோ இறங்கியவரை "நன்றாகச் சாப்பிடுகிறார்" என்று எழுதியிருக்கிறீர்கள். குறை சொல்லவில்லை, தட்டு காலியானால் வயிறு நிறைந்தது என்றுதான் எல்லாரும் நினைப்போம். நீங்கள் சொன்ன சாப்பாட்டை வைத்து ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று இட்லியில் 6 கிராம் புரதம், ஒரு டம்ளர் கஞ்சியில் 2 அல்லது 3, மதியம் ரசம் சாதத்தில் 7, சாயங்காலம் டீயும் பிஸ்கட்டும் என்று வைத்துக்கொண்டால் 4, இரவு மறுபடி இட்லியோ கஞ்சியோ ஒரு 5. மொத்தம் 25 கிராம் தேறினால் அதிகம். அவர் வயதுக்கும் நிலைமைக்கும், சிறுநீரகம் நன்றாக இருந்தால், எடையில் ஒரு கிலோவுக்குக் குறைந்தது 1 கிராம், 1.2 கிராம் வரை போனால் நல்லது. 59 கிலோவுக்கு அது 70 கிராம். பாதிகூட உள்ளே போகவில்லை. படுத்துக் கிடக்கும் உடம்பு தன் தசையையே கரைத்துச் சாப்பிடும். விழுந்த பக்கத்தோடு நிற்காமல், அவரைத் தாங்கி நிற்கிற வலது காலும் சேர்ந்து மெலியும். பிசியோ வந்து தூக்கி நிறுத்தும்போது நிற்பதற்குத் தசை இருக்க வேண்டும் இல்லையா?

வாயு, குளிர்ச்சி விஷயத்தில் பெரியவர்களோடு சண்டை போட வேண்டாம். ஆனால் மூளையில் அடைத்த ரத்தக்குழாய்க்கும் துவரம்பருப்புக்கும் ஒரு தொடர்பும் இல்லை. பருப்பில் பூண்டும் பெருங்காயமும் தட்டிப்போட்டு வேகவைத்துக் கொடுத்தால் பாட்டிகளே சமாதானமாகிவிடுவார்கள். (புறா ரத்தம் தேய்க்கலாமா என்று கேட்காமல் விட்டதற்கு நன்றி. அந்தக் கேள்வியையும் நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.)

இரண்டு முட்டையில் 12 கிராம் வந்துவிடும். முள் எடுத்து மசித்த 100 கிராம் மீனில் 20 கிராம் கிடைக்கும். நன்றாகக் குழைய வேகவைத்த பருப்பு, பச்சையாக அளந்தால் 40 கிராம், அதில் 9. ஒரு கிண்ணம் கெட்டித் தயிரும் ஒரு டம்ளர் பாலும் சேர்ந்து 12 அல்லது 13. இட்லி, சாதத்தில் வருவதையும் கூட்டினால் 70 நிறைந்துவிடும். மீன் கிடைக்காத நாளில் பனீரை உதிர்த்துப் போடலாம், கொண்டைக்கடலையை வேகவைத்து அரைத்துக் கொடுக்கலாம். சுண்டலாக, கடலையாக, பொரியாக முழுசாகக் கொடுப்பது விழுங்கும் பரிசோதனை முடியும்வரை வேண்டாம். பாலையும் அந்தப் பரிசோதனைக்குப் பிறகு அவர்கள் சொல்லும் பதத்தில் கொடுங்கள். பத்து வருடச் சர்க்கரை நோயாளி என்பதால், புரதத்தைக் கூட்டும் முன், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட வேண்டும். சிறுநீரகம் பழுதாகியிருந்தால் இந்த 70 கிராம் கணக்கு மாறும்.

சரி, இப்போது டப்பாக்கள்.

பக்கவாதக்காரர்களுக்குச் சத்து பானம் கொடுத்தால் சீக்கிரம் தேறுவார்களா என்று பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 'ஃபுட்' என்று பெயரிட்ட அந்த ஆய்வின் முடிவு 2005ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. 15 நாடுகளில் 125 மருத்துவமனைகள், 4,023 நோயாளிகள். பாதிப் பேருக்கு மருத்துவமனைச் சாப்பாடு மட்டும், மீதிப் பேருக்கு அதோடு தினமும் 360 மி.லி. சத்து பானம். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் வந்த அன்றே மெலிந்து போயிருந்தவர்கள் 8 விழுக்காடுதான். மற்றவர்களுக்குக் குறையே இல்லை, நிரப்புவதற்கு இடமும் இல்லை. அமெரிக்காவில் 2008ல் வந்த ஒரு சின்ன ஆய்வு, மெலிந்து போனவர்களை மட்டும் எடுத்துக்கொண்டது. 116 பேர். கலோரியும் புரதமும் கூடுதலாகப் பெற்றவர்கள் நடப்பதில் மற்றவர்களைவிட முன்னேறினார்கள். நினைவாற்றலில் வித்தியாசம் இல்லை. ஜப்பானில் 2019ல், தசை கரைந்துபோன 44 பக்கவாத நோயாளிகளுக்கு எட்டு வாரம், தசை வளர உதவும் லியூசின் நிறைந்த அமினோ அமிலம் (புரதத்தின் துண்டுகள்) கொடுத்தார்கள், உடற்பயிற்சியோடு சேர்த்து. அவர்களுக்கும் தசையும் பலமும் கூடின. பின்னவை இரண்டும் சின்ன ஆய்வுகள்தான், சத்தியம் பண்ண முடியாது. ஆனாலும் மூன்றும் ஒரே பக்கம்தான் கை காட்டுகின்றன: குறை இருக்கிறவருக்கு அந்தக் குறையை நிரப்பினால் பலன் உண்டு, அதுவும் பயிற்சியோடு சேர்த்து. உங்கள் அப்பா குறை இருக்கிறவர். அவருக்குக் குறைவது புரதமும் கலோரியும். ஜின்கோ என்ற மரத்தின் இலைச் சத்து குறைந்து யாருக்கும் கை விழவில்லை.

அப்படியானால் புரோட்டீன் பவுடர் சரிதானே என்று கேட்பீர்கள். சாப்பிடவே முடியாதவருக்கு நானே எழுதிக் கொடுப்பேன், அது வேறு. உங்கள் வீட்டில் முட்டைக்குப் பத்தியம் போட்டுவிட்டு டப்பாவை வாங்குகிறீர்கள். இந்தியாவில் விற்கும் 36 புரதப் பவுடர்களைக் கேரள மருத்துவர்கள் முன்னின்று சோதித்து 2024ல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 70 விழுக்காட்டில், டப்பாவில் எழுதியிருந்த புரத அளவும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போகவில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் இருந்தது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதே ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டியும் இந்தப் பவுடர்களைத் தவிர்க்கவே சொல்கிறது. முட்டைக்குள் என்ன இருக்கிறது என்று லேபிள் படிக்க வேண்டியதில்லை.

அண்ணன் அனுப்பிய நாலும் பலன் தராவிட்டால் பரவாயில்லை என்று விட்டுவிடக் கூடியவை அல்ல. அப்பா குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார், ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்கிற மாத்திரை அது. ஜின்கோவும், மஞ்சளிலிருந்து எடுத்துச் செறிவூட்டிய குர்குமினும் ரத்தக் கசிவைக் கூட்டக்கூடும் என்பதால், இரண்டையும் அதோடு சேர்க்கக் கூடாது. குர்குமின் மாத்திரைகளில் பலவற்றில் மிளகுச் சத்தான பைப்பரின் சேர்த்திருப்பார்கள். உடம்பு மருந்துகளைக் கழிக்கும் வேகத்தையே அது மாற்றிவிடும். இந்த மாத்திரைகளால் கல்லீரல் கெட்டவர்களும் உண்டு. நான் சொல்வது மாத்திரையை, குழம்பில் போடும் மஞ்சளை அல்ல. அதைத் தாராளமாகப் போடுங்கள். வைட்டமின் இ பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2010ல் வெளியிட்டபோது, அடைப்பு வகைப் பக்கவாதம் 10 விழுக்காடு குறைந்தும், ரத்தம் கசியும் வகை 22 விழுக்காடு கூடியும் இருந்தன. ஆளைக் கணக்கிட்டால் 1,250 பேரில் ஒருவருக்குத்தான் அந்தக் கசிவு. ஆனால் அந்த ஒருவராக இருப்பதற்குக் காசு கொடுப்பானேன்? மீன் எண்ணெயை அதிக அளவில் எடுத்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து கூடுகிறது. அப்படித் தாறுமாறாகும் இதயம்தான் பலருக்குப் பக்கவாதத்துக்கே காரணம். நாலையும் நிறுத்திவிடுங்கள், இத்தனை நாள் கொடுத்தது எவ்வளவு என்பதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். மல்டிவிட்டமின் தீங்கில்லை, பெரிய உபயோகமும் இல்லை. இருப்பது தீர்ந்ததும் விட்டுவிடலாம்.

டாக்டர் எழுதிய இரண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றை என் பேச்சைக் கேட்டு நிறுத்தாதீர்கள். மூளை தேற என்று கொடுக்கும் சிட்டிகோலினை 2,298 பேரிடம் சோதித்துப் பார்த்த ஆய்வு 2012ல் வந்தது. பலன் தெரியவில்லை. நம் ஊரில் இன்னும் வழக்கமாக எழுதுகிறார்கள். "இது இன்னும் எத்தனை நாளைக்கு வேண்டும் டாக்டர்?" என்று அடுத்த முறை கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. பி12 கதை வேறு. பி வைட்டமின்கள் அடுத்த பக்கவாதத்தைத் தடுக்குமா என்று 20 நாடுகளில் 8,164 பேரிடம் சோதித்தார்கள். 2010ல் வந்த முடிவு, நம்பிச் சொல்லும்படி பலன் இல்லை என்பதுதான். ஆனால் உங்கள் அப்பா பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவராக இருந்தால், அது பி12ஐ உடம்பில் சேரவிடாமல் குறைக்கும். போதாக்குறைக்கு இப்போது முட்டை, மீன், தயிர் எதுவும் இல்லை. அவருக்கு உண்மையாகவே குறை இருக்கலாம். இருந்தால் கால் மரத்துப்போகும், நடையில் தள்ளாட்டம் வரும், அதையும் பக்கவாதத்தின் கணக்கில் எழுதிவிடுவோம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் ஒரு பழைய சங்கடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஃபோலிக் அமிலமும் பி12ம் கொடுத்தால் பக்கவாத நோயாளிகளுக்கு இடுப்பெலும்பு முறிவது வெகுவாகக் குறைகிறது என்று 2005ல் யோஷிஹிரோ சாட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் ஒரு ஆய்வு வெளியிட்டார். 628 பேர், புகழ்பெற்ற அமெரிக்க மருத்துவ இதழ். நானும் பல குடும்பங்களிடம் அதை எடுத்துச் சொல்லியிருக்கிறேன். பிறகு அவருடைய தரவுகளே புனைந்தவை என்று தெரிந்து, 2016ல் அந்த இதழ் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. அதிலிருந்து, "ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று டப்பாவில் அச்சடித்திருந்தால் எனக்குக் கை தானாகப் பின்னுக்குப் போகிறது.

எலும்பு விஷயத்தில் கவலை மட்டும் நியாயமானது. அசையாத பக்கத்து எலும்பு மெலியும், தடுமாறினால் அந்தப் பக்கமாகத்தான் விழுவார். வைட்டமின் டி அளவைப் பாருங்கள், குறைந்திருந்தால் டாக்டர் எழுதித் தருவார். 60,000 யூனிட் பாக்கெட் என்றால் பெரும்பாலும் வாரம் ஒன்று, நாளைக்கு ஒன்று அல்ல. இந்தத் தவற்றை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் கேட்ட "இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டுமா" என்பதற்கு, சேர்ப்பதைவிட எடுப்பதற்கு ஒன்று இருக்கிறது: உப்பு. வாய்க்கு ருசியில்லை என்று கஞ்சிக்கு ஊறுகாயும் அப்பளமும் வைக்கிறீர்களா? எழுதவில்லை, ஆனால் வைக்காத வீட்டை நான் பார்த்ததில்லை. சீனாவில் 600 கிராமங்களில், பக்கவாதம் வந்தவர்களும் பிரஷர் உள்ள முதியவர்களுமாக 20,995 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களில், உப்பில் கால் பங்கைப் பொட்டாசியம் உப்பாக மாற்றிக் கொடுத்தார்கள். ஐந்து வருடம் போல் கவனித்ததில் பக்கவாதம் 14 விழுக்காடு குறைந்தது. 2021ல் வெளியான முடிவு. மேலே சொன்ன எந்த டப்பாவும் இதைச் செய்யவில்லை. ஆனால் நாளைக்கே கடைக்கு ஓடிவிடாதீர்கள். பிரஷருக்குக் கொடுக்கும் டெல்மிசார்டன் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும், சர்க்கரை நோயாளியின் சிறுநீரகமும் அதைச் சரியாக வெளியேற்றாமல் போகலாம். கிரியாட்டினினோடு பொட்டாசியமும் பார்த்து, டாக்டர் சரி என்றால் மட்டும் அந்த உப்பு. ஊறுகாயை எடுப்பதற்கு எந்த டெஸ்டும் வேண்டாம்.

கடைசியாக அந்த 9,000 ரூபாய். பிசியோவுக்கு ஒரு தடவைக்கு 500 என்றால், டப்பாக் காசில் மாதம் 18 தடவை வரும். இப்போது வாரம் இரண்டு என்ற கணக்கில் மாதம் எட்டு. இரண்டையும் கூட்டினால் 26, அதாவது நீங்கள் முதலில் வைத்திருந்த வாரம் ஆறு நாள். முட்டை, மீன் செலவு கொஞ்சம் கூடும், அதற்கு ஒன்றிரண்டு நாள் குறைந்தாலும் பரவாயில்லை. கை வருமா என்று கேட்டீர்கள். எவ்வளவு வரும் என்று கடிதத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. முதல் மூன்று மாதத்தில்தான் வேகமாகத் திரும்பும், பிறகும் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கும். மூளையில் செத்துப்போன பகுதி உயிர்க்காது. பக்கத்துப் பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டும், திரும்பத் திரும்பச் செய்தால்தான் கற்றுக்கொள்ளும். உங்களுக்கு அந்த மூன்றில் இரண்டு மாதம் போய்விட்டது. அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்து வையுங்கள், தனியாக வருகிறவரோடு இதுவும் சேரட்டும்.

அண்ணனிடம் மாத்திரைக்குப் பதில் பணமாக அனுப்பச் சொன்னால் வருத்தப்படுவார் என்று தயங்குவீர்கள். தூரத்தில் இருக்கிறவருக்கு எதையாவது கையால் வாங்கி அனுப்பினால்தான் மனசு ஆறும். அவர் பங்குக்கு, பிசியோ வருகிற நேரத்தில் தினமும் வீடியோ காலில் வரச் சொல்லுங்கள். பிள்ளை பார்க்கிறான் என்றால் அப்பா இன்னும் இரண்டு தடவை கையைத் தூக்கப் பார்ப்பார்.

விழுங்கும் பரிசோதனை முடிந்ததும், என்ன பதத்தில் கொடுக்கச் சொன்னார்கள் என்பதையும் கிரியாட்டினின், பொட்டாசியம், பி12, வைட்டமின் டி அளவுகளையும் எழுதி அனுப்புங்கள். வாராவாரம் ஒரே நாளில், ஒரே தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். அதை வைத்து, உங்கள் வீட்டில் சமைப்பதற்குத் தோதாக ஒரு நாள் சாப்பாட்டுப் பட்டியல் போட்டுத் தருகிறேன்.